திமிரியும் பாரியும் ஒரே குழாயில்

நாகஸ்வரத்தில் திமிரி என்றும் பாரி என்றும் இரண்டு உண்டு. திமிரி குட்டை, சுருதி ஏறி நிற்கும். பாரி நீளம், சுருதி இறங்கி ஒலிக்கும். கச்சேரி நடுவில் திமிரியைப் பாரியாக்க எந்த வித்வானாலும் முடியாது. கருவியைத்தான் மாற்ற வேண்டும். கார் இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்க்கும் நெடுங்காலம் இதே விதிதான். நீளமாக வைத்தால் மெதுவான ஓட்டத்தில் இழுவை கிடைக்கும், வேகத்தில் மூச்சு முட்டும். குட்டையாக வைத்தால் நெடுஞ்சாலையில் பறக்கும், சிக்னலில் நின்று கிளம்பும்போது சோம்பும். இரண்டில் ஒன்றைத் தொழிற்சாலையிலேயே முடிவு செய்து வார்த்துவிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே தன் நீளத்தை மாற்றிக்கொள்ள அந்தக் குழாய் எப்படிக் கற்றது, கற்ற வித்தை பின்னால் எதனால் மங்கியது என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

பட்டறையில் அதன் பெயர் இன்டேக் மேனிஃபோல்டு. ஏர் ஃபில்டரைத் தாண்டி, திராட்டிலைத் தாண்டி வரும் காற்று முதலில் ஒரு பெட்டியில் தங்கும். அந்தப் பெட்டியிலிருந்து சிலிண்டருக்கு ஒன்றாகக் குழாய்கள் பிரியும். பார்வைக்கு இவ்வளவுதான். காற்றைப் பங்கு போட்டுக் கொடுக்கும் வெறும் வாய்க்கால் என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்தக் குழாய்க்குள் காற்று ஆற்றுநீர் போல ஒரே சீராக ஓடுவதில்லை. வால்வு திறக்கிறது, பிஸ்டன் இறங்குகிறது, காற்று பாய்கிறது, வால்வு அடைபடுகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இது வினாடிக்கு 25 முறை நடக்கும். கிளம்பிய காற்றுக்கு உந்துவேகம் உண்டு. டவுன் பஸ்ஸில் கூட்டம் நெரியும்போது டிரைவர் ஒரு பிரேக் போட்டால் நிற்பவர்கள் எல்லாம் முன்னால் சரிந்து, பின்படியில் இரண்டு பேருக்கு இடம் கிடைக்குமே, அதே சங்கதி. பிஸ்டன் கீழே போய்த் திரும்பத் தொடங்கிய பிறகும் ஓடிவந்த காற்று உள்ளே முண்டிக்கொண்டு நுழையும். அதனால்தான் பிஸ்டன் அடித்தளத்தைத் தொட்டவுடன் வால்வை அடைக்காமல் கொஞ்சம் தாமதித்து அடைக்கிறார்கள்.

இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. பிஸ்டன் உறிஞ்சும்போது பிறக்கும் தாழ்வழுத்த அலை, குழாய் வழியே ஒலியின் வேகத்தில் மேலே ஓடும். பெட்டியின் திறந்த வாயை எட்டியதும் அது தலைகீழாகி, உயர்வழுத்த அலையாகத் திரும்பும். வால்வு அடைபடுவதற்குச் சற்று முன்னால் அது வந்து சேர்ந்தால், கதவு சாத்தும் நேரத்தில் முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல இன்னும் கொஞ்சம் காற்று சிலிண்டருக்குள் போகும். முன்பே வந்துவிட்டாலோ பிந்திவிட்டாலோ பயனில்லை.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 3,000 சுற்றில் ஒரு சுற்றுக்கு 20 மில்லி வினாடி. பிஸ்டன் பலமாக உறிஞ்சும் நேரத்துக்கும் அலை திரும்ப வேண்டிய நேரத்துக்கும் இடையே ஏறத்தாழ கால் சுற்று, அதாவது 5 மில்லி வினாடி. அதற்குள் ஒலி 1.7 மீட்டர் போகும். போக வர என்பதால் பாதி: 85 சென்டிமீட்டர். 6,000 சுற்றில் அதே கணக்கு 42 சென்டிமீட்டர் என்று வரும். இது கைக்கணக்குதான், வால்வு நேரம், காற்றின் வெப்பம், குழாயின் விட்டம் எல்லாம் சேர்ந்து விடையைக் கொஞ்சம் இப்படி அப்படி இழுக்கும். ஆனால் ஒன்று தெளிவு. ஒரு நீளத்துக்கு ஒரு வேகம்தான் பொருந்தும்.

இந்தக் கணக்கை உலோகத்தில் வார்த்துத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில் அமெரிக்காவின் கிரைஸ்லர் பொறியாளர்களுக்குத் தனி இடம் உண்டு. 1950களின் இறுதியில் அங்கே வேலை பார்த்த சில இளைஞர்கள் ‘ராம்சார்ஜர்ஸ்’ என்று ஒரு குழு அமைத்து, 1949-ஆம் ஆண்டுப் பழைய பிளைமவுத் கார் ஒன்றைப் பந்தயத்துக்கு எடுத்தார்கள். இன்ஜினுக்கு மேல் குழாய்கள் கோபுரம்போல நிமிர்ந்து நிற்கும். முன்கண்ணாடி வழியே சாலை தெரிந்ததா என்று கேட்கத் தோன்றும் அளவுக்கு உயரம்.

அந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கு 1960-இல் கோட்டும் சூட்டும் மாட்டி ஷோரூமில் நிறுத்தினார்கள். கிரைஸ்லர் 300எஃப் என்ற அந்தக் காரின் பானெட்டைத் திறந்தால், 6.8 லிட்டர் வி8 இன்ஜினின் மேல் பருத்த அலுமினியக் குழாய்கள் இடமும் வலமுமாகக் குறுக்கே பாய்ந்து கிடக்கும். வலப்பக்கத்து கார்புரேட்டர் இடப்பக்கத்துச் சிலிண்டர்களுக்கும், இடப்பக்கத்தது வலப்பக்கத்துக்கும் ஊட்டும். இவ்வளவு சுற்றி வளைத்தது நீளத்துக்காகத்தான். குழாய் 30 அங்குலம், அதாவது 76 சென்டிமீட்டர். சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கும் வழியையும் சேர்த்தால் நம் கைக்கணக்குக்கு ஏறத்தாழப் பொருந்துகிறது. அந்த இன்ஜினின் உச்ச இழுவிசை 2,800 சுற்றில் கிடைத்தது. குதிரைத்திறன் 375.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கு அடுத்ததுதான். பந்தய ஆசை உள்ள ஒரு சிலருக்காக அதே கார் 400 குதிரைத்திறனிலும் செய்யப்பட்டது. அதன் மேனிஃபோல்டும் வெளியிலிருந்து பார்க்க அதே உருவம், அதே நீளம். உள்ளே குழாய்களைப் பிரிக்கும் சுவரை மட்டும் பாதி தூரத்தில் நிறுத்திவிட்டார்கள். சுவர் இல்லாத இடத்தில் அலைக்குக் குழாய் முடிந்துவிட்டது. 30 அங்குலம் 15 அங்குலம் ஆகிவிட்டது. குழாயின் நீளம் என்பது கண்ணுக்குத் தெரியும் நீளம் இல்லை, அலை எந்த இடத்தில் திரும்புகிறது என்பதுதான் என்று அந்த அறுபட்ட சுவர் காட்டிக்கொடுத்தது. அந்தச் சுவரில் ஒரு கதவு வைத்திருந்தால் ஒரே காரில் இரண்டும் கிடைத்திருக்கும். அந்தக் கதவு கார்களில் பரவலாக இன்னும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எந்த நேரத்தில் திற, எந்த நேரத்தில் மூடு என்று சொல்ல இன்ஜினில் ஒரு கணினி வந்து உட்கார வேண்டியிருந்தது.

1980களில் கதவுகள் வரிசையாக வந்தன. டொயோட்டா தன் 4ஏ-ஜிஇ இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு வழிகள் வைத்து, ஒன்றில் வண்ணத்துப்பூச்சிச் சிறகு மாதிரி ஒரு தகட்டைப் பொருத்தியது. குறைந்த சுற்றில் அது மூடியிருக்கும். எல்லாக் காற்றும் ஒரே வழியில் விறுவிறுவென்று போகும். 4,000 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போனதும் திறந்துகொள்ளும். 1989-இல் ஃபோர்டு டாரஸ் எஸ்ஹெச்ஓ காருக்கு யமஹா செய்து கொடுத்த 3 லிட்டர் வி6 இன்ஜினில் ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு குழாய்கள்: ஆறு நீளம், ஆறு குட்டை. பாம்புப் பிடாரன் கூடையைக் கவிழ்த்ததுபோல இன்ஜின்மேல் பின்னிக் கிடந்த அந்த உலோகக் குழாய்களைப் பார்ப்பதற்கென்றே பானெட்டைத் திறக்கச் சொன்னவர்கள் உண்டு. பிஎம்டபிள்யூ தன் ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் வேறு தந்திரம் செய்தது. குழாய்களைத் தொடாமல், பெட்டியை இரண்டாகத் தடுத்து நடுவில் ஒரு ஃபிளாப் வைத்தது. மூடினால் மும்மூன்று சிலிண்டர்கள் தனித்தனிக் குழுவாக மூச்சு விடும். திறந்தால் ஆறும் ஒரே பெட்டி. வாய் குறுகிய பாட்டிலில் ஊதினால் ‘பூம்’ என்று ஒரு சுருதி கேட்குமே, அதை 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரில் அழைக்கப்படும் ஒத்ததிர்வுதான் அங்கே வேலை செய்கிறது.

இரண்டு நிலைக் கதவு போதாது, சுற்றுக்குச் சுற்று நீளம் மாற வேண்டும் என்ற பேராசையும் பிறந்தது. 1991 ஜூனில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மஸ்டா 787பி வென்றது. நான்கு ரோட்டர் கொண்ட அதன் ஆர்26பி இன்ஜினில் வால்வே கிடையாது. ரோட்டர்தான் துளையை மூடித் திறக்கும். ஆனால் காற்றுக் குழாய்கள் இருந்தன. அவை மடக்குக் குடையின் கம்பிபோல ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி, இன்ஜின் வேகத்துக்கு ஏற்ப நீண்டும் குறுகியும் வந்தன. எரிபொருளுக்கு அளவு வைத்த பந்தயம் அது. ஒரே உச்சியில் கத்துவதைவிட எல்லாச் சுற்றிலும் இழுக்கும் இன்ஜின் அங்கே கைகொடுத்தது. 55-ஆம் எண் கார் 362 சுற்று ஓடி முடித்தபோது, கடைசி முறை ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் களைத்துச் சாய்ந்து பரிசு மேடைக்கே வரவில்லை. ஃபார்முலா ஒன்னில் 2006-இல் இந்தச் சறுக்குக் குழாய்களைத் தடை செய்து, 2015-இல் திரும்ப அனுமதித்தார்கள் என்பது ஒரு கொசுறு.

வீட்டுக்கு ஓட்டிப்போகும் காரில் இதைச் செய்துகாட்டியது பிஎம்டபிள்யூவின் என்62 வி8. 2001-இல் 7 சீரிஸ் காரோடு வந்தது. மேனிஃபோல்டு நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும். சுருளின் நடுவே ஒரு உருளை, அதில் புனல்வாய். மின்மோட்டார் அந்த உருளையைத் திருப்பத் திருப்ப, காற்று சுருளுக்குள் நுழையும் இடம் நகரும். மிக நீண்ட நிலையில் 673 மில்லிமீட்டர், குறைந்த நிலையில் 231. 3,500 சுற்று வரை நீளமாகவே வைத்திருந்து, அதற்கு மேல் படிப்படியாகக் குறைக்கும். திமிரிக்கும் பாரிக்கும் நடுவே எத்தனை நீளம் உண்டோ அத்தனையும் ஒரே ஓட்டுக்குள். பொறியியலின் அழகு என்று இதைச் சொல்லத் தயங்க மாட்டேன். ஆனால் நான்கே ஆண்டில் அந்த இன்ஜினின் அடுத்த பதிப்பு வந்தபோது உருளையும் புனலும் போய், பழையபடி இரண்டு நிலை மேனிஃபோல்டு வந்து உட்கார்ந்தது. முழு வித்தையின் பெரும்பங்கை இரண்டே நீளத்தில் எடுத்துவிடலாம் என்றால், அத்தனை பல்சக்கரத்தை யார் சுமப்பது?

இதற்கிடையில் குழாயின் உடம்பும் மாறியிருந்தது. வார்ப்பிரும்பு போய் அலுமினியம், அதுவும் போய்க் கண்ணாடி இழை கலந்த நைலான். வளைந்த உட்குடைவை நைலானில் எப்படி வார்ப்பது? தகரமும் பிஸ்மத்தும் கலந்த உலோகத்தில் உள்ளச்சு செய்து, அதைச் சுற்றி நைலானை வார்த்து, பிறகு சூடேற்றினால் 138 டிகிரியில் உலோகம் உருகி ஓடிவிடும், நைலான் நிற்கும். விக்கிரகம் வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகை உருக்கி ஓடவிடுவதற்கு இது தூரத்து உறவு. பிறகு இதுவும் மலிவாகி, இரண்டு மூன்று ஓடுகளாக அடித்து, அதிரவைத்து உரசும் சூட்டிலேயே ஒட்டிவிட்டார்கள். இந்தியாவுக்கு 2006-இல் வந்த ஹோண்டா சிவிக்கின் 1.8 லிட்டர் இன்ஜினில் இருந்ததும் இரண்டு நீளம் கொண்ட பிளாஸ்டிக் மேனிஃபோல்டுதான். கோடீஸ்வரர் வீட்டு வித்தை நடுத்தரக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது.

இனி நோய்க்கதை.

சுத்தமான காற்று மட்டும் போவதற்காகப் பிறந்த குழாய் இது. அழுக்கு வந்தது நம் ஊர்க் காற்றைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தால். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே கசியும் வாயுவும் எண்ணெய் ஆவியும் முன்பெல்லாம் ஒரு குழாய் வழியாகச் சாலையில் விடப்பட்டன. கலிஃபோர்னியா 1960களின் தொடக்கத்தில், அதை வெளியே விடாதே, இன்ஜினுக்கே திருப்பிக் கொடு என்றது. திருப்பிக் கொடுக்க இருந்த வழி மேனிஃபோல்டுதான். 1970களில், நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க, எரிந்த புகையில் ஒரு பங்கையும் திரும்ப உள்ளே விட்டார்கள். இஜிஆர் என்று மெக்கானிக்குகள் சொல்வது அதைத்தான். அதுவும் வந்து விழுந்தது இதே குழாயில். ஊர்க் காற்றுக்கு நல்லது நடந்தது. விலையைக் குழாய் கொடுத்தது.

அடுப்புக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்தவர்களுக்கு மீதியை விளக்க வேண்டாம். வெறும் கரித்தூள் என்றால் துடைத்தால் போகும். வெறும் எண்ணெய் என்றால் வழிந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் பிசுக்கு. அது சூட்டில் காய்ந்து காய்ந்து தார் ஆகும். டீசல் மேனிஃபோல்டில் நடப்பது இதுவே. கட்டைவிரல் தாராளமாக நுழைய வேண்டிய துளையில் சுண்டுவிரல் நுழையாத நிலையில் பட்டறைக்கு வரும் வண்டிகள் உண்டு. டீசலில் இந்த ஃபிளாப்புகள் பெரும்பாலும் நீளத்தை மாற்றுவதில்லை. இரண்டு வழிகளில் ஒன்றை அடைத்துக் காற்றைச் சுழலவிடுகின்றன. பெயரிலும் பழுதிலும் இரண்டையும் ஒன்றாகவே பேசுவது பழக்கம். பிசுக்கில் சிக்கிய ஃபிளாப்பைச் சின்ன மோட்டார் இழுத்து இழுத்துப் பார்க்கும்; கடைசியில் பிளாஸ்டிக் இணைப்போ பல்லோ தேயும். சில இன்ஜின்களில் ஃபிளாப்பின் திருகு கழன்று சிலிண்டருக்குள்ளேயே போய்விழுந்ததும் நடந்திருக்கிறது. அப்படி நடந்தால் மேனிஃபோல்டைப் பற்றிப் பேச்சே எழாது. இன்ஜின் செலவு வாயை அடைத்துவிடும்.

பெட்ரோல் காரில் நெடுங்காலம் ஒரு காப்பு இருந்தது. இன்ஜெக்டர் வால்வுக்கு முன்னால் இருந்ததால், பெட்ரோலே வால்வின் முதுகைக் கழுவிக்கொண்டு போகும். 1996-இல் மிட்சுபிஷி பெருமளவில் விற்கும் கார்களுக்குக் கொண்டுவந்த நேரடித் தெளிப்பு முறை பரவிய பிறகு பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுகிறது, கழுவ ஆளில்லை. டேங்க்கில் ஊற்றும் ‘கிளீனர்’ பாட்டிலை நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்த மருந்து இன்ஜெக்டரைத் தொடும். மேனிஃபோல்டு பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. டொயோட்டா போன்ற சிலர் இரண்டு இடத்திலும் இன்ஜெக்டர் வைத்துப் பழைய கழுவலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஃபிளாப் நீளப் பக்கமே சிக்கிக்கொண்டால் வண்டி கிளம்புவது நன்றாக இருக்கும், மேலே போனால் திணறும். குட்டைப் பக்கம் சிக்கினால் தலைகீழ்: ‘பிக்கப் இல்லை, ஆனா ஹைவேயில ஓடுது’ என்று ஓனர் வந்து நிற்பார். ஸ்கேனரில் பி2004 என்றால் திறந்தபடியே சிக்கியது, பி2006 என்றால் மூடியபடியே, பி2015 என்றால் ஃபிளாப் எங்கே நிற்கிறது என்று சொல்லும் சென்சாரின் கணக்கு உதைக்கிறது. இந்தக் குறியீடு வந்தவுடன் புது மேனிஃபோல்டுக்கு ஆர்டர் போடச் சொல்பவரிடம், முதலில் வேக்கம் குழாயில் வெடிப்பு இருக்கிறதா, இணைப்புக்கம்பி கழன்றிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் இல்லாமல் வேக்கத்தில், அதாவது உறிஞ்சலில், ஃபிளாப் நகரும் வகை என்றால் கைப்பம்பு ஒன்றே போதும்: உறிஞ்சினால் கம்பி நகர வேண்டும், உறிஞ்சியபடி விட்டால் அங்கேயே நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் ஜவ்வு கிழிந்திருக்கிறது.

ஓடும் இன்ஜினில் திராட்டில் வழியே ஸ்ப்ரே அடிப்பது எளிது. லேசான படலத்துக்கு அது சரி. தடித்துப்போன கரியில் அடித்தால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து வால்வுக்கும் டர்போவுக்கும் போகும். முற்றியதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிய கையோடு, சிலிண்டர் ஹெட்டின் துளைகளைத் துணியால் அடைக்காமல் அடுத்த வேலைக்குப் போகும் மெக்கானிக்கை நான் நம்பமாட்டேன். ஒரு நட்டு உள்ளே விழுந்தால் போதும். மோட்டாரையும் சென்சாரையும் பிரித்து வைத்துவிட்டுத்தான் ஊறப்போட வேண்டும். அலுமினியத்துக்குக் காஸ்டிக் போன்ற காட்டமான காரக் கரைசல் ஆகாது, அரித்துவிடும். நைலானுக்குக் காட்டமான கார்புரேட்டர் கிளீனர் ஆகாது. மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புநீரில் அலசி, சொட்டு ஈரமில்லாமல் உலர்த்துவது மெதுவான வேலை, ஆனால் ஆபத்தில்லாத வேலை. ஃபிளாப்பின் தண்டைக் கத்தியால் சுரண்டக் கூடாது. சுத்தம் செய்த பிறகு அதை விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். லொடலொடத்தால் இத்தனை நாள் இடுக்கை நிரப்பி வைத்திருந்தது கரிதான் என்று அர்த்தம். அந்த மேனிஃபோல்டைச் சுத்தமாகத் திரும்ப மாட்டுவதைவிட மாற்றுவது நல்லது.

வால்வின் முதுகில் காய்ந்த கரிக்கு வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடிக்கிறார்கள். ஓடு கரியைவிடக் கடினம், உலோகத்தைவிட மென்மை என்பதுதான் அதன் தகுதி. அந்தச் சிலிண்டரின் வால்வு மூடியிருக்கும்படி இன்ஜினைத் திருப்பி வைத்துவிட்டு அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தூள் உள்ளே இறங்கிவிடும். திரும்ப மாட்டும்போது பழைய கேஸ்கட்டைத் துடைத்துப் போடுவது பத்து ரூபாய் மிச்சம் பிடித்து ஆயிரம் ரூபாய்க் காற்றுக் கசிவை வாங்குவது. போல்ட்டுகளை நடுவிலிருந்து இருபுறமும், டார்க் ரெஞ்ச் வைத்து, இரண்டு தவணையில் முறுக்க வேண்டும்.

அழுக்கு வந்த வழியை அடைக்காமல் இதெல்லாம் செய்தால் ஆறு மாதத்தில் திரும்ப வர வேண்டியதுதான். கசியும் ஆவியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் பிசிவி வால்வு எண்ணெயை அப்படியே கக்குகிறதா, இஜிஆர் வால்வு மூடாமல் நிற்கிறதா, எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடைக்கும் பள்ளிக்கும் இரண்டு இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் டீசல் வண்டிக்கு, இன்ஜின் முழுச் சூடு ஏறும்படி வாரம் ஒரு நீண்ட ஓட்டம் தேவைப்படும்.

எல்லாம் மாட்டி முடித்த பின் ஸ்கேனரில் ஃபிளாப்பின் பழைய அளவை அழித்துவிட்டு, சாவியை ஒரு படி மட்டும் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல் காது கொடுக்க வேண்டும். மின்மோட்டார் வைத்த சில கார்களில் மேனிஃபோல்டின் பக்கத்திலிருந்து ‘சர்ர்’ என்று மெல்லிய ஒலி வரும். ஒரு முனை வரை போய், கொஞ்சம் நின்று, மறுமுனைக்குத் திரும்பும். அந்தச் சத்தம் இரண்டு தடவையும் ஒரே மாதிரி கேட்ட பிறகுதான் பானெட்டை மூடுவார்கள்.